குலுக்கிப் பார்த்தவர்

குடிநீர் மாதிரியின் கலங்கலை அளக்கும் முன், பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அடியில் தங்கியது முழுவதும் நீரில் பரவிய பிறகு, குமிழ்கள் அடங்கும்வரை பொறுத்து, அதன்பின் அளவெடுக்க வேண்டும். இது விதி. எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்து ஆய்வகச் சுவரில் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆயுதபூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பது உண்டு. பின்பற்றுவது மட்டும் இல்லை. ஊர் ஊராக வரும் மாதிரி பாட்டில்கள் அலமாரியில் ஒரு நாளோ இரண்டு நாளோ நிற்கும். மண் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் கொஞ்சம் எடுத்து அளந்து, ‘குடிக்கத் தகுந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அது பொய்யும் அல்ல. மேலே இருந்த நீர் உண்மையிலேயே குடிக்கத் தகுந்ததுதான்.

அந்த ஆய்வகத்துக்கு வேதியியலாளராக ஒரு பெண் மாற்றலாகி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கெமிஸ்ட் மேடம்’. வந்த அன்றே அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். ஆய்வகத்துக்கும் என் மேசைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். வளையல் சத்தம் நின்றால் குமிழ் அடங்கக் காத்திருக்கிறார் என்று பொருள். மறுபடி கேட்டால் அடுத்த ஊரின் தண்ணீர்.

நான் அங்கே கண்காணிப்பாளர். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரைப் பற்றிய தாள்கள் எந்த வழியாக எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்குச் சேலம் மாவட்டத்தில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

குலுக்குவது அவருக்கு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. கோடையில் அலுவலகத்தில் பானையில் மோர் வைப்போம். நான் தம்ளரில் மொண்டு வாயருகே கொண்டுபோகும்போது பின்னால் குரல் கேட்கும்.

“சார், கலக்காம மொண்டுட்டீங்க. மோரு பூராம் அடியில கெடக்குதுங்க. நீங்க குடிக்கறது மோரு நின்ன எடத்துத் தண்ணி.”

“எனக்கு இதுதான் பிடிக்கும் மேடம்.”

“அப்பறம் கடைசியில மொள்றவன் தயிரு குடிச்சிட்டுத் தூங்கறான்னு மெமோ குடுப்பீங்க.”

ஒருமுறை எனக்கு இருமல். மேசையில் இருந்த மருந்துப் பாட்டிலை அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பாதிக்கு மேல் குடித்திருந்தேன். அடியில் ஒரு விரற்கடை வெள்ளையாகப் படிந்திருந்தது. “ஒரு வாரமா நீங்க குடிச்சது சர்க்கரைத் தண்ணிங்க. மருந்து இன்னும் தொடங்கவே இல்ல” என்றார். குலுக்கிக் குடித்தேன். இருமல் நின்றது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்தத் திருப்தியை ஏன் கொடுக்க வேண்டும்?

பன்னீர் சோடாவையும் ஒருமுறை குலுக்கினார். அன்று செயற்பொறியாளர், அதாவது எங்கள் அலுவலகத் தலைவர், வெள்ளைச் சட்டையில் எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டை வெள்ளையாக இருந்தது அதுவரைதான். வேறு யாராவது இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபடி, “இதுல அடியில ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாமே கரைஞ்சிருக்குது” என்றார். ஆய்வு முடிவு அறிவிக்கப்பட்டது. சட்டை சலவைக்குப் போனது.

இது வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத நேரங்களும் உண்டு. எங்கள் உதவிப் பொறியாளர் ஒருவரின் பணிநிறைவு விழாவில் ஒருவர் விடாமல் எழுந்து அவரைக் கர்ணன், தருமன் என்று பேசி முடித்துவிட்டார்கள். சந்தன மாலையும் போட்டாயிற்று. கடைசியாக மேடத்தையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னோம். எழுந்தார். “ஏனுங்க சார், அந்தக் குளோரின் மிசினு மூணு மாசமா ஓடலையே, அது என்னாச்சுங்க?” என்றார். உட்கார்ந்தார். கேசரி தட்டுகள் வந்துகொண்டிருந்தன. யாருக்கும் ஸ்பூனை எடுக்கத் தோன்றவில்லை. மாலை போட்டவர் அதைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. எல்லாம் அமைதியாக இருந்த இடத்தில் அடியில் கிடப்பதை எழுப்பிவிட்டு, தான் மட்டும் நிதானமாகக் கேசரி சாப்பிடுகிறவரோடு வேலை பார்ப்பது எளிதில்லை. அவரைப் பிடித்தவர்கள்கூட அவர் தங்கள் பக்கம் திரும்பும்போது சற்றுப் பயந்தார்கள். நானும்தான்.

அவர் எழுப்பாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடப்பாடிக்கு அந்தப்பக்கம், தறிக்காரக் குடும்பங்கள் இருக்கும் ஒரு காலனி. அதன் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சேறாக இருக்கிறது என்று குறைதீர் நாளில் ஒரு மனு. கொடுத்தவர் சரசு என்ற பெண். வீட்டில் இரண்டு தறி, மருமகளுக்குப் பிறந்த கைக்குழந்தை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீரை மாற்றச் சொல்கிறார்கள். எங்கே போய் மாற்றுவது என்று மனுவில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதும் பிரிவு எந்த அலுவலகத்திலும் கிடையாது.

எங்கள் நடைமுறைப்படி மூன்று மாதிரி எடுக்க வேண்டும். மூன்றும் நன்றாக இருந்தால் மனு ஆதாரமற்றது என்று முடிக்கப்படும். முடிந்தால் அந்தத் தொட்டி பழுதுபார்க்கும் பட்டியலிலிருந்து நீங்கும். பட்டியலிலிருந்து நீங்கியது மறுபடி அதில் ஏறி நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு மாதிரிகளை, மேடம் வருவதற்கு முன்பே, எங்கள் ஆட்கள் போய் எடுத்து வந்திருந்தார்கள். நல்ல தண்ணீர் என்று அறிக்கையும் போயிருந்தது. மூன்றாவதை மனுதாரரே கொடுத்தனுப்பலாம் என்பது விதி. சரசு கொடுத்தனுப்பிய பாட்டில் மேடத்தின் மேசைக்கு வந்தது.

வளையல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது. பிறகு அவரே தடுப்பைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினார்.

“என்ன தெரியுதுங்க சார்?”

“ஒன்றும் தெரியவில்லை. சுத்தமாக இருக்கிறது.”

“அதானுங்க. குலுக்கினாலும் ஒண்ணுமே எந்திரிக்க மாட்டேங்குது. நம்ம சுத்திகரிப்பு நிலையத்துல புடிச்ச தண்ணியிலகூட இத்தன சுத்தம் கெடயாது. ஆத்துத் தண்ணி இப்பிடி இருக்காதுங்க. யாரோ இதக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பியிருக்கறாங்க.”

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். பாட்டிலின் நடுவில், மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், மயிரிழைபோல ஒரு நீல நூல் நின்றுகொண்டிருந்தது.

“துணியில வடிகட்டியிருக்குது. நாளைக்கு வெடியால போயிப் பாக்கோணும், வாரீங்களா?”

அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கும் ஆய்வுக்கு இரண்டாவது கையெழுத்து வேண்டும். எங்கள் ஜீப் காலை பத்து மணிக்கு முன் புறப்படுவதற்கு முன்னுதாரணம் இல்லை. முதல் பஸ்ஸில் போனோம்.

விடியும் நேரம் அது. தறிச் சத்தம் தெருவுக்கு முன்பே எழுந்திருந்தது. சரசின் வாசல் குழாயில் குடங்கள் வரிசையாக இருந்தன. மேலே தொட்டியில் மோட்டார் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. சரசு குழாயைத் திறந்தார். வந்தது செம்மண் கரைசல். பால் ஊற்றினால் டீ என்று விற்கலாம்.

மேடம் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஒரு கையிலும் ஏந்திப் பார்த்தார். “இத ஏனுங்கக்கா அனுப்பல?”

சரசுக்கு அதிர்ச்சி. “அய்யோ சாமி! இதப் போயி ஆபீசருக்குக் குடுப்பாங்களா? நாங்க என்ன அப்பிடியாப்பட்ட ஆளுங்களா? முந்தின நாளே குடத்துல தேத்தாங்கொட்டைய ஒரசி வெச்சு, நல்லாத் தெளிய வுட்டு, புதுத் துணியில ரெண்டு தடவ வடிகட்டித்தானுங்க குடுத்துவுட்டேன். ஏன், நல்லா இல்லீங்களா?”

“நல்லா இருக்கறதுதானுங்கக்கா பிரச்சினை. தண்ணி அழுக்குன்னுதான நீங்க புகாரே குடுத்தீங்க?”

“ஆமாங்க. அதுக்காவ அழுக்கயேவா கொண்டாந்து மூஞ்சியில நீட்டறது? ஊட்டுக்கு வந்தவங்களுக்கே செம்பக் கழுவித்தான் தண்ணி குடுப்பம். நீங்க கவர்மெண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வரவில்லை. உள்ளே குழந்தை அழுதது. மருமகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மணிக்கட்டு விரல் பருமன்தான் இருந்தது அந்தக் குழந்தைக்கு.

முன்பு எங்கள் ஆட்கள் எடுத்த இரண்டு மாதிரிகள் எப்படிச் சுத்தமாக இருந்தன என்பதை வழியிலேயே மேடம் விளக்கிவிட்டார். பல வருடச் சேறு தொட்டியின் அடியில் கிடக்கிறது. விடிகாலை தொட்டி ஏறக்குறையக் காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போடுகிறார்கள். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அந்தச் சேற்றைக் கிளப்பிவிடுகிறது. முதலில் குடம் வைத்தவர்களுக்கெல்லாம் அதுதான். தொட்டி நிறைந்து மோட்டாரும் நின்ற பிறகு சேறு மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்குப் போய்விடும். பதினொரு மணிக்குத் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். எங்கள் ஜீப் பதினொரு மணிக்குத்தான் போகும். சேறு அலுவலக நேரத்தை எங்களைவிடச் சரியாகக் கடைப்பிடித்தது.

தொட்டியைக் கழுவுவதற்கென்றே அடியிலிருந்து ஒரு குழாய் தூண் ஓரமாக இறங்கி வரும். அதன் முனையில் ஒரு வால்வு இருக்கும். திறந்தால் சேறு வெளியேறும். “அது எங்கீங்க?” என்று மேடம் கேட்டார்.

கூடியிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஆப்பரேட்டருக்குத் திடீரென்று போன் வந்தது; மணி அடிக்காமலே எடுத்துப் பேசினார்.

மேடம் தூணோடு இறங்கும் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார். குழாய் ஒரு சிமெண்டு மேடைக்குள் போய் மறைந்தது. மேடையின் மேல் பிள்ளையார். புது வேட்டி, எருக்கம்பூ மாலை.

“சாமிக்கு அடியில பைப்பு போகுதுங்களே?”

கூட்டத்தில் இருந்த பூசாரி முன்னால் வந்தார். “சாமி இருக்கற எடத்துல பைப்பு இருக்குதுங்க.”

“மொதல்ல எது வந்துச்சுங்க?”

“அந்த எடம் எந்நேரமும் ஈரமா இருந்துச்சுங்க. ஒரு அரசங்கன்னு தன்னால மொளச்சு வந்துச்சு. பஞ்சத்துலயும் அந்த எடம் காயலீங்க. சாமி எடம் கேக்குதுன்னு எல்லாரும் பேசி வெச்சோம்.”

வால்வு கசிந்திருக்கிறது. கசிவுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். அன்றுமுதல் தொட்டியைக் கழுவ வழியில்லை. இது காலனியில் எல்லோருக்கும் தெரியும். மனுவில் மட்டும் ஒரு வரிகூட இல்லை. சரசைப் பார்த்தேன். அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மேடம் குலுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேசரிக்கு நடுவே குளோரினைக் கேட்டவர் அல்லவா? பார்த்ததை அப்படியே எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அது ஆக்கிரமிப்புக் கோப்பு ஆகும். வருவாய்த் துறைக்குப் போகும், காவல் நிலையத்துக்குப் போகும், இடிக்கலாமா என்று கூட்டம் போடுவார்கள், சாமியை இடிக்க வந்தவர்கள் என்று இரண்டு கட்சிக் கொடி வரும். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வந்தாலும் கோப்பு நடந்துகொண்டிருக்கும். எழுதாமல் மூன்றாவது மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டால் மனு முடிந்தது, தொட்டியும் முடிந்தது.

மேடம் பூசாரியின் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்தார். “சாமிய நாலடி தள்ளி ஒக்கார வெச்சா ஏத்துக்குமுங்களா?”

பூசாரி பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார். மேடம் மறுபடி கேட்கவில்லை. கடைசியில் சரசுதான் பேசினார். “மாமா, புள்ள கெடக்கற கெடயப் பாத்தீங்கல்ல. சாமிக்குந்தான் தெனமும் இந்தத் தண்ணியில அபிசேகம் பண்றீங்க. அதுக்கு மட்டும் நல்லாவா இருக்குது?”

பூசாரி எழுந்து பிள்ளையாரின் கழுத்து மாலையைச் சரிசெய்தார். “தள்ளலாமுங்க. முறைப்படி பண்ணோணும். கார்த்திகையில பாதிப்பேரு மாலை போட்டிருப்பாங்க. மார்கழி ஆகாது. தை பொறக்கட்டும்.”

அப்போது ஐப்பசி. திரும்பி வரும் பஸ்ஸில், “நீங்கள் சும்மா இருந்தது எனக்கு ஆச்சரியம்” என்றேன்.

“குலுக்கறது பாதி வேலைதானுங்க சார். குமிழி அடங்கற வரைக்கும் பொறுக்கோணுமில்லீங்களா? அதுக்குள்ள அளந்தா எல்லாத்தையும் அழுக்குன்னு காட்டும்.”

செயற்பொறியாளர் பொறுப்பவர் அல்லர். நல்ல மனிதர், நிலுவை மனு ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. “யார் உங்களை விடியக்காலையில் போகச் சொன்னது? ஆணை இல்லாமல் எடுத்தது மாதிரியே அல்ல. மூன்றாவது மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது? கையெழுத்துப் போடுங்கள் மேடம்” என்றார்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்க சார். அதனாலதானுங்க போடல.”

“நன்றாக இருக்கிறது என்று மாதிரியை நிராகரிக்க விதி இருக்கிறதா?” என்று என் பக்கம் திரும்பினார்.

இல்லை. அழுக்கான பாட்டில், மூடி இல்லாத பாட்டில், முகவரி இல்லாத பாட்டில் எல்லாவற்றையும் நிராகரிக்கலாம். அளவுக்கு மேல் சுத்தமானதை என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. “விதி மௌனமாக இருக்கிறது சார். விதி மௌனமாக இருந்தால் தலைமை அலுவலகத்திடம் தெளிவுரை கோர வேண்டும். தெளிவுரை வரும்வரை மனுவை முடிக்க இயலாது, முடித்தால் தணிக்கையில் உங்களைத்தான் கேட்பார்கள்” என்றேன். தணிக்கை என்ற சொல்லுக்கு அவரிடம் எப்போதும் பலன் உண்டு. அன்றே கடிதம் போனது. அதை நான்தான் எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் பதில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதியது அது ஒன்றுதான். தலைமை அலுவலகத்தின் வேகத்தில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

அதன்பின் தினமும் தபால் வரும் நேரத்துக்குத் தடுப்புக்கு மேலே மேடத்தின் தலை தெரியும்.

“வந்துட்டுதுங்களா சார்?”

“வரவில்லை.”

“நல்லதுங்க.”

கார்த்திகை இப்படிப் போனது. அதற்குள் கேன் தண்ணீர் வாங்கிக் குழந்தைக்கு மட்டும் காய்ச்சிக் கொடுக்கும்படி மேடம் சரசுக்குச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிற்பாடு சரசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்கழியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. பிரிக்கும் முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாள்காட்டி அனுப்பியிருந்தார்கள். தை பிறந்தது. பொங்கலுக்குத் தறி நின்றது. பிறகு தைப்பூசத்துக்குக் காலனியே பழனிக்கு நடந்தது. நடந்தவர்கள் கால் வலி தீரவேண்டும் என்றார்கள். நான் பொறுமையிழந்தேன். மேடம் இழக்கவில்லை.

தையின் கடைசி முகூர்த்தத்தில் பிள்ளையாரை நாலடி தள்ளிப் புது மேடையில் உட்கார வைத்தார்கள். அழைப்பு வந்தது, போயிருந்தோம். பழைய மேடையை உடைத்தவர்கள் தறிக்காரர்கள்தான். துருவேறிய வால்வு ஆப்பரேட்டருக்கு மசியவில்லை. இரண்டு பேர் கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்துத் திருப்பினார்கள். முதலில் காற்று இருமியது. பிறகு கறுப்பாக வந்தது. நாற்றத்தில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். கறுப்பு செம்மண் நிறமானது, செம்மண் பழுப்பானது. வாய்க்காலில் அது ஓடி முடிக்க முற்பகல் முழுவதும் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த நீரைப் பூசாரிதான் முதலில் செம்பில் பிடித்தார். பிடித்தவர் குடிக்காமல் மேடத்திடம் நீட்டினார்.

“ஆட்டிப் பாருங்க சாமி.”

மேடம் ஆட்டவில்லை. கையை நீட்டி வாங்கி, குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை, இம்முறை முறைப்படி ஆணை வாங்கி, சரசின் வாசல் குழாயில் முதல் தண்ணீரைப் பிடித்தார். வடிகட்டக் கூடாது என்பதற்காகச் சரசின் இரண்டு கையையும் மருமகள் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அலுவலகத்தில் வளையல் சத்தம் கேட்டது. நின்றது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். குறை சரிசெய்யப்பட்டது என்ற காரணத்தோடு பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மனு முடிந்தது. செயற்பொறியாளர் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தலைமை அலுவலகம் தன் வழக்கத்துக்கு மாறாக அந்த ஆண்டு நிதியாண்டு முடிவதற்குள் பதில் எழுதியிருந்தது. நன்றாக இருக்கும் மாதிரியை நிராகரிக்க விதியில் இடமில்லை. மனுவை ஆதாரமற்றது என உடனே முடித்து, தொட்டியைப் பழுதுபார்க்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அறிக்கை அனுப்புக என்று இருந்தது. வந்த தேதியை உறையின் மூலையில் நானே குறித்தேன்: பிப்ரவரி பதினாறு.